உண்மையான எண்ணுக்குத் திட்டு இல்லை

அவைக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் இதயநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே! பல்லாயிரம் துடிப்புகளைக் காதால் கேட்டு, காகிதத்தில் வரைந்து, காரணம் தேடிக் களைத்துப் போகாத ஆராய்ச்சிக் குழுவினரே! மருந்தைக் கையிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தி நிற்கும் செவிலியர்களே! வயதில் என்னை மிஞ்சிய பெரியோர்களே! ஒரு சிலர்தான் இருப்பீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. வயதில் இளையவர்களானாலும் வீட்டுப் பாரத்தில் மூத்தவர்களான தாய்மார்களே! மாடிப்படியின் பாதியில் நின்று, மூச்சு வாங்குவது பிறருக்குத் தெரியாமல் இருக்கச் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிப்பதுபோல் பாவனை செய்யும் தந்தையரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரவேற்புரை வழங்கிய அலுவலர் என்னை 'மூதாட்டி' என்று அறிமுகம் செய்தார். ஒரு சிறு திருத்தம். எனக்கு எழுபத்தேழு வயது. எண்பதுவரை அந்தச் சொல்லை நான் ஏற்பதாக இல்லை. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் கையில் இருக்கும் தாளில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், ஐயா. இப்போதே அடியுங்கள். நன்றி.

இன்று இங்கே வெளியிடப்படுவது முப்பத்திரண்டு பக்கங்கள் கொண்ட ஒரு கையேடு. இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது. அதை வெளியிட என்னை ஏன் அழைத்தார்கள்? நான் மருத்துவம் படித்தேனா? இல்லை. மருந்து கண்டுபிடித்தேனா? இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, கப்பல் நிறுவனம் ஒன்றின் தட்டச்சுப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் மேற்பார்வை பார்த்தவள் நான். ஒரு தாளில் ஓர் எழுத்து மங்கியிருந்தால் அந்தத் தாள் என் மேசையைத் தாண்டிப் போகாது. என் பிரிவில் எனக்கு வைத்திருந்த பெயர் 'பூதக்கண்ணாடி'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட என்னை ஏன் அழைத்தார்கள் தெரியுமா? நான் செய்த ஒரு தவறுக்காக அழைத்திருக்கிறார்கள். அந்தத் தவறைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கிமுன் நிற்கிறேன். மன்னிப்புக் கேட்க நிற்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் ஒருவர்தான், அவர் மன்னித்துவிட்டார். உங்களில் பலர் இன்று காலையிலும் அதே தவறைச் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்ற சந்தேகத்தால் நிற்கிறேன்.

என் கணவர் தண்ணீர் பம்பு பழுதுபார்ப்பவர். கிணற்றுப் பம்பு, மாடித் தொட்டிப் பம்பு, தொழிற்சாலையில் யானைபோல் உறுமும் பம்பு, எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்வார். அறுபத்தொன்பதாம் வயதில் அவருக்கு மூச்சு வாங்கியது. இதே மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். தாளில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதியிருந்தது. செயலிழந்த பிறகு இன்னும் என்ன பாக்கி?

அப்போது ஒரு செவிலி எங்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உயரம் குறைவு, குரல் மெல்லியது, பார்வை மட்டும் ஊசி. இதோ முதல் வரிசையில் இருக்கிறார். கைதட்டல் பிறகு. அவர் சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. இதயம் நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல. தளர்ந்திருக்கு. முன்ன மாதிரி இழுத்துத் தள்ள முடியல. அதனால உடம்புல தண்ணி தேங்குது. முதல்ல கால்ல, அப்புறம் நெஞ்சுல."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, பம்பு வீக்காயிட்டா பின்னால தண்ணி தேங்கும். அவ்வளவுதானே சிஸ்டர்? இத முதல்லயே சொல்லியிருந்தா இவ இப்படி வெளுத்திருக்க மாட்டா."

"அவ்வளவேதான் ஐயா. தேங்குற தண்ணிய மாத்திரை வெளியேத்தும். எவ்வளவு தேங்குதுன்னு எங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் தினமும் எடை. காலையில எழுந்து, பாத்ரூம் போயிட்டு, எதுவும் சாப்பிடாம, ஒரே மாதிரி உடுப்போட. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே போன் பண்ணுங்க. ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறினாலும் பண்ணுங்க. கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஏறுறது தண்ணி."

எவ்வளவு எளிமை பாருங்கள்! ஊசி இல்லை, கத்தி இல்லை. ஒரு தராசு, ஒரு நோட்டு, ஒரு பேனா. அப்போது இங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் தினமும் எடை எழுதச் சொல்லி, அதனால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. எங்களையும் சேர்த்தார்கள். நோட்டு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கேட்கவும் வேண்டுமா?

அந்த நோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பழுப்பு அட்டை போட்டேன். சிவப்பு மையில் ஓரக்கோடு இழுத்தேன். எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று படைவரிசைபோல நின்றன. எடை ஏறாத நாளில் ஓரத்தில் ஒரு 'சரி' குறி போட்டேன். ஆமாம், எழுபதை நெருங்கிய கணவருக்கு 'சரி' குறி! ஏறிய நாளில் நான் திட்டினேனா? இல்லவே இல்லை. நான் திட்டுகிற பெண்மணி அல்ல. பேனாவை மூடினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்து, ஸ்பானருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த உப்பு பிஸ்கட்டை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் குப்பையில் போட்டேன்.

முதல் மாதம் எண்கள் ஏறின, இறங்கின. இரண்டாம் மாதத்திலிருந்து அற்புதம்! அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு. அறுபத்தெட்டே கால். மறுபடி அறுபத்தெட்டு. ஓரம் முழுக்க 'சரி' குறிகள். என் கண்டிப்பு கனி தந்தது, என் நிர்வாகம் நிலைநாட்டப்பட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தேன்.

மூன்றாம் மாதம் பரிசோதனைக்கு வந்தோம். இங்குள்ள தராசு எழுபத்தொன்று காட்டியது. இளம் மருத்துவர் ஒருவர் புருவத்தைச் சுருக்கினார். விடுவேனா நான்? "டாக்டர், சட்டை, பேண்ட், பெல்ட், செருப்பு. பையில சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்தே கால் கிலோ. அதோட உங்க தராச எப்ப சரிபார்த்தாங்க? ஒட்டின சீட்டுல தேதி அழிஞ்சிருக்கு." அவர் சீட்டைப் பார்த்தார். தேதி அழிந்துதான் இருந்தது. "சாரிம்மா, வீட்டு எடையையே எடுத்துக்கிறேன்" என்றார். வாதத்தில் நான் வென்றேன். என் வாழ்நாளில் வென்ற வாதங்கள் பல. அவற்றிலேயே வெட்கப்பட வேண்டிய வெற்றி அதுதான்.

ஐந்தாம் மாதம். நோட்டைப் புரட்டிய அதே மருத்துவர் சொன்னார்: "ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்றீங்கம்மா. நாலு மாசமா ஒரே கோடு. தண்ணி மாத்திரைய பாதியாக்கிடலாம். ஐயாவுக்கும் பத்து தடவ பாத்ரூம் போற தொல்லை குறையும்."

என் கணவர் வாய் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அவையோரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஒரு மனிதனின் நெஞ்சில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை வெளியேற்றும் மாத்திரையைப் பாதியாக்கப் போகிறார்கள். அது அவருக்குத் தெரியும். பம்பு தெரிந்தவர், தண்ணீர் தெரிந்தவர், தேக்கம் தெரிந்தவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை! ஏன் சொல்லவில்லை?

அறையைவிட்டு வெளியே வந்தோம். வாசலில் அந்தச் செவிலி பதிவேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்: "அம்மா, ஐயா எத்தனை தலகாணி வச்சுப் படுக்கிறாரு?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "முன்னாடி ஒண்ணு. அப்புறம் ரெண்டு. இப்ப மூணு. மூணாவதுக்கு நானே அதே துணியில உறை தச்சேன். மூணும் ஒரே ஜோடியா இருக்கும்."

அவர் பேனா நின்றது.

"மட்டமா படுத்தா மூச்சு முட்டுதா ஐயா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். உசரமா படுத்தா சொகமா இருக்கு."

செவிலி நோட்டை வாங்கினார். அந்த அழகான, அப்பழுக்கற்ற, அணிவகுத்த எண்களைப் பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். "கோடு ரொம்ப நேரா இருக்கும்மா" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. "உயிரோட இருக்கிறவங்க எடை இப்படி இருக்காது. அரைக் கிலோ ஏறும், கால் கிலோ இறங்கும். டாக்டர்கிட்ட நான் பேசுறேன். மாத்திரைய இன்னிக்குக் குறைக்காதீங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கு வரேன்."

வந்தார். ஆறு அடிக்க ஐந்து நிமிடம். எனக்குப் பிடித்துவிட்டது. நேரம் தவறாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் எடை இயந்திரம் குளியலறைக்கு வெளியே, நடைவழியில், சுவரை ஒட்டி இருந்தது. முள் சுழலும் பழைய மாதிரி. சுவர் வெளிர்பச்சை. என் கணவர் ஏறி நின்றார். நான் வழக்கம்போல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். முள் அறுபத்தெட்டில் சிலைபோல் நின்றது. "பாத்தீங்களா சிஸ்டர்?" என்று பெருமையோடு நிமிர்ந்தேன்.

செவிலி முள்ளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தச் சுவரை யார் தொடைக்கிறது?"

"நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை, சோப்புத் தண்ணி போட்டு."

"முழுச் சுவருமா?"

"இல்ல, இந்த இடம் மட்டும் அழுக்காகும். ஒரு கை அகலத்துக்கு."

"எப்பவும் இதே இடமா?"

நான் சுவரைப் பார்த்தேன். அந்த இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. நான்கு மாதம் தேய்த்துத் தேய்த்துப் பச்சை போய்விட்டது. அந்த வெளுப்பின்மேல், ஐந்து விரலும் விரித்து, என் கணவரின் உள்ளங்கை!

"ஐயா, கைய எடுங்க" என்றார் செவிலி. மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் எடுத்தார். முள் நகர்ந்தது. அறுபத்தொன்பது. எழுபது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டில் போய் நின்றது.

ஓ, இப்போது அவையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது! இடப்புறம், மூன்றாவது வரிசை. பக்கத்தில் இருப்பவரை ஏன் அம்மா முழங்கையால் இடிக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் சுவரா, ஜன்னல் கம்பியா? பரவாயில்லை, பிறகு சொல்லுங்கள்.

முப்பது ஆண்டுகள் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து வால்வைத் திருகிய கை அது. அறுபத்தெட்டில் நில் என்றால் முள் நிற்கும். அந்தக் கைத்திறனை அவர் தொழிற்சாலையில் காட்டினார், சம்பளம் வந்தது. வீட்டில் காட்டினார், நெஞ்சில் தண்ணீர் வந்தது. நான் எதைப் பார்த்தேன்? முள்ளைப் பார்த்தேன். குனிந்து முள்ளை மட்டும் பார்த்தவளுக்கு நிமிர்ந்து மனிதனைப் பார்க்கத் தோன்றவில்லை. வாரம் ஒருமுறை சாட்சி சுவரில் வந்து நின்றது. வாரம் ஒருமுறை அந்தச் சாட்சியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்!

செவிலி மண்டியிட்டு அவர் கணுக்காலுக்குமேல் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏங்க இப்படிப் பண்ணீங்க? பம்பப் பத்தி ஊருக்கே பாடம் எடுப்பீங்களே! உயிரோட விளையாட்டா?"

அவர் இயந்திரத்திலிருந்து இறங்காமலே சொன்னார்: "உயிர் போனா ஒரு தடவதான் போகும். நீ பேனாவ மூடுறது தினமும் நடக்குதே."

செவிலி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். நீங்கள் அடக்கவே இல்லை, சிரிக்கிறீர்கள். நானும் பிறகு சிரித்தேன். அன்று சிரிக்கவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் என்னோடு வாழ்ந்த மனிதர் மரணத்துக்குப் பயப்படவில்லை, மனைவிக்குப் பயந்தார். இதயம் தளர்ந்தது என்று சொல்ல அஞ்சவில்லை, எண் ஏறியது என்று சொல்ல அஞ்சினார். அந்த அச்சத்தை அவருக்கு ஊட்டியது யார்? நோயா? மருத்துவரா? நான்!

அன்றே சேர்த்தார்கள். ஆறு நாள் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேறியது. "பாதி மாத்திரையோட வீட்ல இருந்திருந்தா ஒரு வாரம் தாங்கியிருக்குமான்னு தெரியலம்மா" என்றார் தலைமை மருத்துவர். இதோ தலையசைக்கிறார். நன்றி, ஐயா.

வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை என்ன? பேனாவை அவரிடம் கொடுத்தேன். "இனிமே நீங்களே ஏறுங்க, நீங்களே பாருங்க, நீங்களே எழுதுங்க. நான் சமையல்கட்டுல இருப்பேன்." சொல்லிவிட்டேனே தவிர, கை பரபரத்தது. அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி. ஓரக்கோட்டைத் தாண்டி எழுதுவார். பக்கத்தில் கிரீஸ் கறை. ஏழை ஒன்றுபோல் எழுதுவார், ஒன்றை ஏழுபோல் எழுதுவார். ஒரு நாள் தாங்க முடியாமல், "இந்த ஏழை மட்டும் கொஞ்சம் சரியா..." என்று ஆரம்பித்தேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "பூதக்கண்ணாடிம்மா, உங்க டிபார்ட்மென்ட் அந்தப் பக்கம்" என்றார். அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது!

ஆனால் அந்தக் கோணல் எழுத்தில் கோடு நேராக இல்லை. ஏறியது, இறங்கியது, வளைந்தது, நெளிந்தது, வாழ்ந்தது! இருமுறை மூன்று நாளில் இரண்டு கிலோ தாண்டியது. இருமுறையும் அவரே தொலைபேசியை எடுத்தார். "சிஸ்டர், தொட்டி நெறஞ்சிருச்சு" என்பார். மாத்திரையை மாற்றினார்கள். மருத்துவமனையில் படுக்காமலே சரியாயிற்று. அதன்பின் அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டு பதினொரு மாதம். கடைசியில் ஒரு பிற்பகல், நாற்காலியில், செய்தித்தாள் மடியில் இருக்க, அமைதியாகப் போனார். அன்று காலையும் எடை எழுதியிருந்தார். அந்த மூன்று ஆண்டு பதினொரு மாதத்தை எனக்குத் தந்தது ஒரு செவிலியின் ஒரு கேள்வி. இப்போது தட்டுங்கள் கைகளை! இன்னும் பலமாக! அவர் கூச்சப்படுவார், படட்டும்.

ஆனால் கதை வீட்டோடு முடியவில்லை. வீடு திரும்பிய மறுவாரமே பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமை மருத்துவரிடம் வந்தேன்.

"டாக்டர், இதுல நாலு மாசம் பொய். என் கையெழுத்துல இருக்கிற பொய். உங்க ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுங்க."

"அம்மா, இருநூத்திப் பன்னிரண்டு வீட்ல ஒரு வீடு. பெரிசா பாதிக்காது."

"ஒரு வீடுதான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். அச்சுக்குப் போகவிருந்த ஆராய்ச்சி முடிவு. அதன் சாரம் என்ன தெரியுமா? 'எடை ஏறாதவர்களும் ஏறியவர்களைப் போலவே மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆகவே வீட்டில் எடை பார்ப்பதால் பெரிய பயன் இல்லை.' எண்ணிப் பாருங்கள்! அந்தத் தாள் வெளியாகியிருந்தால், இந்த மருத்துவமனை எடை பார்க்கச் சொல்வதையே நிறுத்தியிருக்கும்.

செவிலியர்கள் கிளம்பினார்கள். காலை ஆறு மணிக்கு, வீடு வீடாக. முள்ளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்கள். என்ன கண்டார்கள்? துண்டு போடும் கம்பியைப் பிடித்தவர் ஒருவர். மனைவியின் தோளில் கை வைத்தவர் ஒருவர். ஒரு காலை மட்டும் தராசில் வைத்து மறு காலைத் தரையில் ஊன்றிய அம்மையார் ஒருவர். இயந்திரத்தைத் தங்கைக்கு இரவல் கொடுத்துவிட்டு ஒரு மாதமாக நேற்றைய எண்ணையே எழுதிய வீடு ஒன்று. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தராசில் ஏறுவதற்கு முன்பே எண்ணை எழுதிவிட்டு, பிறகு ஏறினார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! மொத்தம் அறுபத்தோரு வீடுகள். அந்த வீடுகளைப் பிரித்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். முடிவு தலைகீழாயிற்று. உண்மை எழுதிய வீடுகளில் முன்கூட்டியே தொலைபேசி வந்தது, முன்கூட்டியே மருந்து மாறியது, படுக்கையில் விழுந்தவர்கள் குறைந்தார்கள்.

கருவி பொய் சொன்னதா? இல்லை. கணக்கு பொய் சொன்னதா? இல்லை. மருந்து பொய் சொன்னதா? இல்லை. அன்பு பொய் சொன்னது! அக்கறை அச்சமாகி, அச்சம் அறுபத்தெட்டு என்று எழுதியது!

அதனால்தான் கையேட்டின் நான்காம் பக்கத்தை எழுத என்னைக் கேட்டார்கள். எழுதினேன். 'எடை இயந்திரத்தைக் கட்டாந்தரையில், சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். தள்ளாடுகிறவர்கள் நாற்காலியைப் பிடித்து ஏறுங்கள். ஏறியபின் கையை எடுங்கள். எத்தனை தலையணை என்பதையும் எழுதுங்கள்.' இதற்கெல்லாம் குழுவில் மறுப்பு இல்லை. கடைசி வரிக்குத்தான் சண்டை. 'எந்த எண்ணும் தவறில்லை' என்று எழுதியிருந்தேன். ஆராய்ச்சியாளர் ஒருவர், "எடை ஏறினா தவறுதானேம்மா?" என்றார். அரை மணி நேரம் வாதாடினோம். இந்த முறை அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே இருவரும் சேர்ந்து இப்படி மாற்றினோம், பெரிய எழுத்தில்: 'உண்மையான எண்ணுக்கு இங்கே திட்டு இல்லை.'

நோட்டு வைத்திருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே, மகன்களே, மருமகள்களே! நீங்கள் காவலர்களா? கணக்காயர்களா? தேர்வுத்தாள் திருத்த வந்தவர்களா? இல்லை! எண் ஏறினால் முகம் சுளிக்காதீர்கள். எண் ஏறினால் மௌனம் காக்காதீர்கள். உங்கள் மௌனம் கத்தியைவிடக் கூர்மை என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எண் ஏறினால் தொலைபேசியை எடுங்கள்! நோயாளியாகிய நீங்களோ, நல்ல பெயர் வாங்குவதற்காகத் தராசில் ஏறாதீர்கள். நல்ல பெயர் வாங்கிச் செத்தவர்களை நாடு மறந்துவிடும். உண்மையைச் சொல்லிப் பிழைத்தவர்களை வீடு கொண்டாடும்!

புதிய ஆராய்ச்சிக்கு நானூறு வீடுகள் தேவை. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. சேரத் துணிவு வேண்டும் என்கிறீர்களா? வேண்டும். ஒரு பெண்மணி தன் எடையைப் பிறரிடம் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

ஆகவே கேளுங்கள். சென்ற ஆண்டு எனக்கும் இதயத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளைக்கு முன் என் எடை ஐம்பத்தாறு கிலோ நூறு கிராம். இன்று காலை ஐம்பத்தெட்டு கிலோ நானூறு. இரண்டு கிலோ முந்நூறு கிராம் அதிகம். ஒரு திருமண விருந்தில் உப்பு என்று தெரிந்தே சாப்பிட்டேன். நேற்று படுக்க இரண்டாவது தலையணை தேவைப்பட்டது. இதை எழுதும்போது என் கை நின்றது. ஐம்பத்தாறரை என்று போட்டால் யாருக்குத் தெரியும்? இன்று மேடையில் பேச வேண்டுமே, சொன்னால் விடமாட்டார்களே! ஐம்பத்தெட்டு நானூறு என்று எழுதினேன். செவிலிக்குத் தொலைபேசி செய்தேன்.

அவர் ஒரு சொல் திட்டவில்லை. "சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்மா. நேரா இங்க வாங்க" என்றார். நெஞ்சைச் சோதித்தார்கள், மருந்தைக் கூட்டினார்கள். "இருபது நிமிஷம் பேசலாம், நாற்காலியில உக்காந்துதான் பேசணும், முடிச்சதும் மேல வார்டுக்கு வரணும்" என்று நிபந்தனை. இருபது நிமிடம் முடிந்தது. நான் நின்றுகொண்டே பேசிவிட்டேன், அந்த ஒரு குற்றத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் எண்ணை நானூறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். வானம் இடிந்துவிழவில்லை. நாளைக் காலை உங்கள் எண்ணை ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், போதும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்த தாய்மார்களுக்கும், சக்கர நாற்காலியோடு மேடையோரம் வந்து நிற்கும் அந்தச் செவிலிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அந்த நெஞ்சு சற்றுத் தளர்ந்ததுதான், ஆனால் சொன்னது உண்மை. வணக்கம்.